குடையும் மணியும் ஒரு கேத்திலும்

"ரெண்டு பேருக்கும் ஓமெண்டு சொல்லிப்போட்டு இப்ப ஏன் கதிரையில நிமிர்ந்து இருக்கிறியள்?" என்று கேட்டாள் மனைவி கிறேஸ்.

சந்தியோகுச் சம்மாட்டியார் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். சவேரியார்குடாவில் வள்ளமும் வலையும் வைத்துப் பிறருக்குத் தொழில் கொடுத்த குடும்பம் அது. அவருடைய ஐயா நிமிர்ந்து இருந்தவர். ஐயாவின் ஐயாவும் அப்படித்தான். சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்தபோது ஊரே குனிந்து ஓடியது. சம்மாட்டியார் மட்டும் நிமிர்ந்து ஓடினார். அதை ஊர் இன்றுவரை சொல்லும், சிரித்துக்கொண்டுதான் சொல்லும் என்றாலும்.

நடந்தது இதுதான். காலைப் பூசை முடிந்த கையோடு தம்பியின் மகன் எட்வின் வந்தான். வரப்போகும் பிரதேச சபைத் தேர்தலில் அவன் குடைக் கட்சியின் வேட்பாளர்.

"பெரியப்பா, எங்கட வீட்டு வோட்டுகளைப் பற்றி நான் யோசிக்கத் தேவையில்லைத்தானே?"

"சீ, அதென்ன கேள்வி? ரத்தம் ரத்தத்துக்குத்தான்."

பின்னேரம் யோசேப் மாஸ்ரர் வந்தார். அவர் மணிக் கட்சியின் வேட்பாளர். அதைவிட முக்கியம், அவருடைய மகன் ஜெனோஜனுக்குத்தான் சம்மாட்டியாரின் மகள் யசிந்தாவைப் பேசி, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கலியாண நாளும் குறித்திருந்தார்கள்.

"சம்பந்தி, உங்களிட்டை வோட்டுக் கேக்கிறது மரியாதையில்லை. அதால நான் கேக்கேல்லை" என்றார் மாஸ்ரர். பிறகு கேக் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, கேட்காமலே நெடுநேரம் இருந்தார்.

அந்த இருப்பைச் சம்மாட்டியாரால் தாங்க முடியவில்லை. "உங்களுக்கு இல்லாட்டி வேற ஆருக்கு, சம்பந்தி?" என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது.

இப்போது கேக் மேசையில் இருந்தது. சொல் இரண்டு வீட்டில் இருந்தது. எட்வினை ஏமாற்றினால் தம்பி குடும்பம் கலியாணத்துக்கு வராது. பெண்ணின் சித்தப்பன் இல்லாமல் கோயிலடிக்குப் போவதா? மாஸ்ரரை ஏமாற்றினால் கோயிலடிக்குப் போகவே தேவையிராது.

"ஆருக்குப் போட்டனீங்களெண்டு ஆருக்குத் தெரியப் போகுது?" என்றாள் கிறேஸ்.

"எனக்குத் தெரியுமே!"

"அப்ப ரெண்டுக்கும் புள்ளடி போட்டு விடுங்கோ. செல்லாமல் போகும், கதை முடிஞ்சுது."

"செல்லாத வோட்டா! எங்கட குடும்பத்திலயா! புள்ளடி போடத் தெரியாதவங்கள் எண்டு ஊர் கதைக்கும்."

முந்தி இந்த ஊருக்கு இப்படியொரு தலையிடி கிடையாது. வடக்குத் தெரு வேறு, தெற்குத் தெரு வேறு. மற்றத் தெருவில் பெண் எடுப்பது இருக்கட்டும், கறிவேப்பிலைகூட வாங்கமாட்டார்கள். பிறகு சண்டை வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய் மடுவிலும் செட்டிகுளத்து முகாமிலும் கொட்டியது. அங்கே வடக்குக் கூடாரமும் தெற்குக் கூடாரமும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. தண்ணீர் வரிசையில் நின்ற பெடியன்களும் பெட்டைகளும் வாளி நிரம்பிய பிறகும் நின்றார்கள். மீள்குடியேறி வந்தபோது, இரண்டு தெருவிலும் சொந்தமில்லாத வீடு ஒன்றுகூட ஊரில் இல்லை. எட்வின் வடக்குத் தெரு. யோசேப் மாஸ்ரர் தெற்குத் தெரு.

மூன்றாவதாக ஒருவனும் நின்றான். சைக்கிள் கடைப் பெனடிக்ற். பட்டினத்தில் யாரோ சேர்த்த சுயேச்சைக் குழுவுக்கு இந்த வட்டாரத்தில் ஆள் அகப்படவில்லையாம். பெனடிக்ற் தானாகவே சைக்கிள் மிதித்து மன்னாருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தான். சின்னம், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில். அவன் ஒரு நோட்டீஸ் ஒட்டவில்லை, ஒரு கூட்டம் வைக்கவில்லை, ஒருவரிடமும் வோட்டுக் கேட்கவில்லை. ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு ரியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பான். அவனுக்கு வெயில் பிடித்துவிட்டது என்று ஊர் தீர்மானித்தது. குடும்பப் பெருமை தெரியாதவன் எதிலும் நிற்பான் என்பது சம்மாட்டியாரின் கருத்து.

மறுநாள் எட்வினின் ஆட்கள் வந்து, தெருப் படலைக் கதவின் வெளிப்பக்கத்தில் பெரிய குடையொன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த நாள் யோசேப் மாஸ்ரர் வழமைபோலக் கடற்கரைப் பக்கத்தால் வந்து, மணி போட்ட நோட்டீஸ் ஒன்றைக் கையில் தந்தார். சம்மாட்டியார் யோசித்தார். பிறகு அதை அதே படலையின் உட்பக்கத்தில் ஒட்டினார்.

"தெருவால வாறவனுக்குக் குடை, கரையால வாறவருக்கு மணி. இதுக்குப் பேர்தான் ராசதந்திரம்."

"படலையைத் திறந்தா?"

"திறக்காமல் விடு."

அன்றிலிருந்து கிறேஸ் கோயிலுக்கு வேலியில் இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளால் போனாள். யசிந்தா வேலைக்கு வேலி ஏறிக் குதித்துப் போனாள். கலியாணப் பெண் வேலி பாய்கிறாள் என்று அயலில் ஒரு கதை கிளம்பியது. அந்தக் கதையை மறுப்பதற்காகச் சம்மாட்டியார் பட்டப்பகலில், அயல் பார்க்க, தானும் ஒருதரம் வேலி ஏறிக் காட்டினார். ஏறினார் என்பது உண்மை. இறங்குவதற்கு நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

ஒரு நாள் மாஸ்ரர் முற்றத்தில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தெருவில் எட்வினின் குரல் கேட்டது.

"பெரியப்பா! படலையைத் திறவுங்கோ!"

சம்மாட்டியார் ஓடிப்போய் ஒரு சாண் அளவுக்குத் திறந்து, அந்த இடைவெளிக்குள் தன்னையே செருகிக்கொண்டார்.

"உள்ள வரட்டே, பெரியப்பா?"

"வேண்டாம். உள்ள ஒரே புழுக்கம்."

முற்றத்திலிருந்து மாஸ்ரர், "ஆர் சம்பந்தி அது?" என்றார்.

"தபால்காரன்!"

"என்ன பெரியப்பா, என்னையோ தபால்காரன் எண்டுறியள்?"

"உன்னையில்லையடா. உனக்குப் பின்னால ஒருத்தன் போனான்."

எட்வின் திரும்பிப் பார்த்தான். தெருவில் ஒரு மாடு மட்டும் நின்றது. அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று ஒரு உதை உதைத்தது. சம்மாட்டியார் ஒரு பக்கம் போக, படலை உட்பக்கமாகச் சுழன்று வேலியில் போய் மோதி நின்றது. முற்றத்தில் இருந்த மாஸ்ரரின் முகத்துக்கு நேரே குடை. உள்ளே வந்த எட்வின் மரியாதைக்குப் படலையைச் சாத்தினான். அவன் முகத்துக்கு நேரே மணி.

சம்மாட்டியார் கண்ணை மூடி அந்தோனியாரை நினைத்தார்.

"மாஸ்ரர்!" என்றான் எட்வின். "வயது போன மனிசன்ர படலையில களவா ஒட்ட உங்களுக்கு வெக்கமில்லையா?"

"அதைத்தான் தம்பி நானும் உம்மட்டைக் கேக்க இருந்தனான்" என்றார் மாஸ்ரர். "பாவம் சம்பந்தி. மரியாதைக்காகக் கிழிக்காமல் விட்டிருக்கிறார்."

சம்மாட்டியார் கண்ணைத் திறந்தார். பிழைத்துவிட்டார்! ஆனால் மூச்சு விடுவதற்குள் எட்வின் சொன்னான்: "இதுக்கு ஒரே வழி, பெரியப்பா. புதன்கிழமை எங்கட கடைசிக் கூட்டம். நீங்கள் மேடையில ஏறி ஊருக்குச் சொல்லிவிடுங்கோ."

"புதன்கிழமை எங்கட கூட்டமும்தான்" என்றார் மாஸ்ரர். "சம்பந்திதான் தலைமை."

சம்மாட்டியார் மெல்ல வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா?" என்று ஓடி வந்தாள் கிறேஸ்.

"உள்ளுக்குள்ள என்னவோ பிடிக்குது."

"ராசதந்திரம்தான் பிடிக்குது" என்றாள் கிறேஸ், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

பக்கத்தில் மன்னார் ஆஸ்பத்திரி இருக்க, சம்மாட்டியார் தூரத்து முருங்கனுக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மன்னார் என்றால் இருவரும் சைக்கிளிலேயே வந்துவிடுவார்கள். முருங்கனில் ஓர் இளம் டொக்டர் அவருடைய வயிற்றை மேலும் கீழும் அமுக்கிப் பார்த்தார்.

"நல்ல வயிறு, ஐயா. நீங்கள் வீட்டை போகலாம்."

"அவசரப்படாதேங்கோ, தம்பி. வைச்சுப் பாருங்கோ. சனிக்கிழமை பின்னேரம் தானாச் சுகம் வந்திடும்."

"சனிக்கிழமைதானே வோட்டு?"

"அப்பிடியோ?" என்றார் சம்மாட்டியார்.

"ஐயா எந்த ஊர்?"

"சவேரியார்குடா."

டொக்டர் தாதியைப் பார்த்தார். தாதி பெருமூச்சு விட்டாள். "அந்த ஊரில இருந்து வந்த ஏழாவது வயிறு, டொக்டர். எல்லாருக்கும் சனிக்கிழமை பின்னேரம்தான் சுகம் வருமாம்."

சம்மாட்டியார் நோயாளர் வாட்டைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் கோயில் மூப்பர் படுத்திருந்தார். சம்மாட்டியாரைக் கண்டதும் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அதற்கடுத்த கட்டிலில் மீனவர் சங்கத் தலைவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஊர்க் கிணறு பழுதாகிவிட்டது என்று சம்மாட்டியாருக்கு உண்மையாகவே கவலை வந்தது. வீடு திரும்பியதும் குளோரின் போடச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

சனிக்கிழமை காலை கண் விழித்தபோது கட்டிலின் ஒரு பக்கம் எட்வின் நின்றான், மறுபக்கம் யோசேப் மாஸ்ரர்.

"நோயாளியெண்டாலும் உரிமை உரிமைதான், பெரியப்பா. வான் கொண்டந்திருக்கு, ஏறுங்கோ."

"என்ர வான் முன்னுக்கு நிக்குது, சம்பந்தி."

கடைசியில் ஒரே வானில், இரண்டு வேட்பாளருக்கும் நடுவில், இரண்டு பக்கக் கையும் பிடிக்கப்பட்ட நிலையில் சம்மாட்டியார் ஊர் வந்து சேர்ந்தார். பின் ஆசனத்தில் மற்ற ஆறு வயிறும் வந்தன.

பள்ளிக்கூடத்து வோட்டுச் சாவடியில் வெயில் கொளுத்தியது. சின்னத்தைக் காட்டுவது சட்டவிரோதம் என்று மணிக் கட்சி முறைப்பாடு செய்ததால், ஒரு கிழவிகூடக் குடை பிடிக்கக்கூடாது என்று பொலிஸ் சொல்லிவிட்டது. பதிலுக்குக் குடைக் கட்சி முறைப்பாடு செய்ததில் அன்று காலைக் கோயில் மணி அடிக்கவில்லை; பள்ளிக்கூட மணியையும் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சாவடி மேசையில் உத்தியோகத்தர்களின் தேநீருக்காகக் கரி பிடித்த கேத்தில் ஒன்று ஆவி பறக்க நின்றது. அதைப்பற்றி முறைப்பாடு செய்ய ஒரு கட்சிக்கும் தோன்றவில்லை. நிழலில்லாத அந்த வரிசை முழுவதும் வேறு பார்க்க இடமின்றி அந்தக் கேத்திலையே பார்த்துக்கொண்டு நின்றது.

சம்மாட்டியாரின் சின்னி விரலில் மை பூசி, கையில் சீட்டைக் கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குள் போய் நின்றார். குடை. எட்வின் குழந்தையாய்த் தன் தோளில் மூத்திரம் பெய்தது நினைவுக்கு வந்தது. மணி. யசிந்தா கலியாணச் சேலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. பென்சில் குடைக்குப் போனது, திரும்பி வந்தது. மணிக்குப் போனது, அங்கிருந்தும் திரும்பி வந்தது.

அப்போதுதான் அடியில் அந்தக் கேத்திலைக் கண்டார்.

அட! இதற்குப் போட்டால் செல்லாத வோட்டு இல்லை. ஆனால் ஒருவருக்கும் போய்ச் சேரவும் மாட்டாது. எட்வினுக்கு எதிராக மாஸ்ரருக்குப் போட்டதாகவும் இராது, மாஸ்ரருக்கு எதிராக எட்வினுக்குப் போட்டதாகவும் இராது. பெனடிக்றுக்கு ஒரு வோட்டு விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன? ஒரு முட்டி தண்ணீரைக் கடலில் ஊற்றுவதுதான். சம்மாட்டியார் வடிவான, அழுத்தமான புள்ளடி ஒன்று போட்டார். பாரம் இறக்கிய வள்ளம் போல, நிமிர்ந்து வெளியே வந்தார்.

வரிசையில் பின்னால் வந்த மூப்பரும் வெளியே வரும்போது நிமிர்ந்துதான் வந்தார். சங்கத் தலைவரும் அப்படியே. அன்று ஊரில் எல்லோருக்கும் முதுகு நேராகியிருந்தது. அதைச் சம்மாட்டியார் கவனித்தார். குடும்பப் பழக்கம் ஊருக்கும் தொற்றிவிட்டது என்று மகிழ்ந்தார்.

இந்தத் தேர்தலில் போட்ட இடத்திலேயே எண்ணுவார்கள். பொழுது சாயும் நேரம் ஊரே பள்ளிக்கூட வளவில் கூடி நின்றது. உத்தியோகத்தர் வெளியே வந்து தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"குடை, இருபத்தொன்று."

சனம் மூச்சைப் பிடித்தது.

"மணி, இருபத்தொன்று."

சனம் மூச்சை விடவில்லை.

"கேத்தில், முந்நூற்றுப் பதினாறு."



"திருப்பி எண்ணுங்கோ!" என்று எட்வினும் மாஸ்ரரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர்கள் வாழ்க்கையில் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். திருப்பி எண்ணினார்கள். கேத்திலுக்கு ஒன்று கூடியது.

"ஆரடா இந்த நாச வேலை செய்தது?" என்று மூப்பர் கத்தினார்.

"ஊரை வித்துப்போட்டாங்கள்!" என்று சங்கத் தலைவர் கத்தினார்.

"முகத்தைக் காட்டுங்கோடா பாப்பம்!" என்று எல்லோரையும்விட உரத்துக் கத்தினார் சம்மாட்டியார். கத்திக்கொண்டே புள்ளடி போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சம்மாட்டியார் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"கிறேஸ், நீ ஆருக்குப் போட்டனீ?"

"நீங்கள் முதல் சொல்லுங்கோ."

சம்மாட்டியார் கூரையைப் பார்த்தார். கிறேஸ் எழுந்தாள். "தேத்தண்ணி வைக்கட்டே?"

"வேண்டாம்!" என்று துள்ளினார் சம்மாட்டியார்.

அந்த நேரம் படலை திறந்தது. எட்வினும் யோசேப் மாஸ்ரரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி உள்ளே வந்தார்கள்.

"பெரியப்பா, அழக்கூடாதெண்டுதான் வந்தனாங்கள். அந்த இருபத்தொண்டில மூண்டு இந்த வீட்டு வோட்டெண்டு எனக்குத் தெரியும்."

மாஸ்ரர் எட்வின் பார்க்காதபடி சம்மாட்டியாரின் கையைப் பிடித்து அழுத்தி, கண்ணால் சொன்னார்: அந்த மூன்றும் எங்கே இருக்கிறதென்று நமக்கல்லவா தெரியும், சம்பந்தி.

"ரெண்டு பேரும் ஒருதருக்கொருதர் தோக்கேல்லை. அதுதான் பெரிய ஆறுதல்" என்றார் மாஸ்ரர் உரத்து. "கலியாணத்துக்கு எட்வின்தான் மாப்பிள்ளைத் தோழன். நாங்கள் கதைச்சிட்டம்."

சம்மாட்டியாரின் கண்ணில் நீர் முட்டியது. குடும்ப மானம் நின்றது. கலியாணமும் நின்றது, நின்றது என்றால் உறுதியாய் நின்றது. வேலி ஏறிய களைப்பு, ஆஸ்பத்திரிக் கஞ்சி, எல்லாவற்றுக்கும் பலன் கிடைத்துவிட்டது.

"இனி ஒரு வேலைதான் பாக்கி, பெரியப்பா" என்றான் எட்வின். "அந்தப் பெனடிக்ற் ஆருக்கு என்ன குடுத்து இந்த வோட்டை வாங்கினவன் எண்டு கேக்கவேணும். கேக்கிறதுக்கு வாயில மரியாதை உள்ள ஆள் வேணும். நீங்கள்தான் வரவேணும்."

மறுக்க முடியுமா? சம்மாட்டியார் முன்னே நடந்தார். சொல் மாறாத மனிதர் நியாயம் கேட்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, மூப்பர் தொடக்கம் ஊரே பின்னால் வந்தது. யாரோ கோயில் மணியைக்கூட அடித்துவிட்டார்கள்.

சைக்கிள் கடை பூட்டிக் கிடந்தது. உள்ளே வெளிச்சமும் இல்லை.

"பெனடிக்ற்!" என்றார் சம்மாட்டியார், முதுகை நிமிர்த்தி. "வெளியில வா. ஒருத்தரிட்டையும் கேளாமல் முந்நூறு வோட்டு எடுத்தனீ. இந்த ஊரில அப்பிடி ஒருத்தருக்கும் நடந்ததில்லை. இதில என்ன சூழ்ச்சி இருக்குது?"

கதவுக்குப் பின்னாலிருந்து அழுகுரலில் பதில் வந்தது. "எனக்கு வேண்டாம்! ஆரெண்டாலும் எடுத்துக்கொண்டு போங்கோ!"

"அப்ப என்னத்துக்கடா நிண்டனீ?"

கதவைத் திறந்துகொண்டு பெனடிக்றின் மனைவி பெற்றிசியா வெளியே வந்தாள். இடுப்பில் கையை வைத்து, எட்வினைப் பார்த்தாள், மாஸ்ரரைப் பார்த்தாள், கடைசியாகச் சம்மாட்டியாரைப் பார்த்தாள்.

"எனக்குத் தெற்குத் தெரு, இவருக்கு வடக்குத் தெரு, ரெண்டு பகுதியும் வந்து கேட்டா ஆருக்கு இல்லையெண்டு சொல்லுறது, தானே நிண்டா ஒருத்தரும் வந்து வோட்டுக் கேக்க மாட்டினம் எண்டுதான் இந்த மனிசன் போய்க் கையெழுத்து வைச்சது, சம்மாட்டியார்!"